தண்ணீர் வரும் வழி

எங்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் பி.ஏ.பி. என்றால் தெரியாதவர் கிடையாது. எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் முறை என்று பேசாத டீக்கடையும் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் வரும் வழியை மேலே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. சென்ற மாதம் மருமகன் கார் கொண்டுவந்தார். வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே தெரியும். வால்பாறைக்கு அப்பால் சோலையாறு அணை. நீர்மட்டம் 160 அடி. சுற்றிலும் தேயிலையும் காடும், நடுவில் பச்சை நிறத்தில் தண்ணீர். நீராற்றுத் தண்ணீரும் சுரங்கம் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது.

இந்த ஆறுகள் இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டியவை. அவற்றைக் கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். சோலையாற்றிலிருந்து தண்ணீர் மலையைக் குடைந்து பரம்பிக்குளம் போய்விடுகிறது. நாங்கள் திரும்ப மலை இறங்கி, மறுநாள் ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்சிலிப் போய், அங்கிருந்து வனத்துறை வண்டியில் போனோம். பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில். அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. பிறகு தூணக்கடவு, மீண்டும் ஒரு சுரங்கம், சர்க்கார்பதி மின்நிலையம். அங்கிருந்து 49 கிலோமீட்டர் சமமட்டக் கால்வாயில் திருமூர்த்தி அணை. எங்கும் மோட்டார் வைத்து இறைப்பதில்லை. எல்லாம் நிலத்தின் சரிவுதான். போகிற வழியில் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது தேதிகள்தான். ஒப்பந்தம் கையெழுத்தானது 29-5-1970. ஆனால் அது 9-11-1958 முதல் செல்லும் என்று எழுதியிருக்கிறது. பரம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி அணைகள் கையெழுத்துக்கு முன்பே எழும்பிவிட்டன! 1958-ல் இங்கே காமராஜர், அங்கே இ.எம்.எஸ். 1970-ல் இங்கே கலைஞர், அங்கே அச்சுத மேனன். கட்சிகள் வேறு, ஆட்சிகள் மாறின, பேச்சு மாறவில்லை. சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி மகாலிங்கம் போன்றவர்களின் உழைப்பும் இதில் உண்டு. கேரளத்துக்கு ஆண்டுக்குச் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி., சித்தூர்ப் பகுதிக்கு மணக்கடவில் 7.25 டி.எம்.சி. என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

முப்பது ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். முதல் தவணை 1988-லேயே வந்துவிட்டது. 2019-ல் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆனாலும் ஒப்பந்தத்தில் உள்ள ஆனைமலையாறு இன்னும் திரும்பி வரவில்லை. இங்கே நான்கு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம். திருமூர்த்தி பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் தண்ணீர். இடைப்பட்ட காலத்தில் தென்னையைக் காப்பாற்ற ஆழ்குழாய் போட்டுக் கடனாளி ஆனவர்களை நமக்குத் தெரியும்.

தலைவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. மலையைக் குடையும்போது உயிர்விட்ட தொழிலாளர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்? அந்தச் சுரங்க வேலைக்குப் போன பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ ஊரிலோ இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது.