பல்லால் கடித்த பொட்டலம்

சரித்திர ஆசிரியராக இருந்த காலத்தில், 1857 பாடம் வந்தால் ஒரு பையனாவது எழுந்து கேட்பான்: "சார், தோட்டாவை எதுக்குப் பல்லால கடிக்கணும்?" அவன் மனதில் இருப்பது இன்றைய பித்தளைத் தோட்டா.

நான் ஒரு பழைய நோட்டுத் தாளைப் பென்சிலில் சுற்றிக் குழலாக்குவேன். ஒரு முனையை முறுக்கி, உள்ளே சாக்பீஸ் துண்டு ஒன்றைப் போட்டு, மணல் நிரப்பி மறுமுனையையும் முறுக்கிவிடுவேன். "இதுதான் தோட்டா. சாக்பீஸுக்குப் பதில் ஈயக்குண்டு, மணலுக்குப் பதில் வெடிமருந்து." ஒரு தடவை சுடுவதற்கான பொட்டலம், அவ்வளவுதான்.

அந்தத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகவே போகவேண்டும். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். அதனால் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இரும்புக் கோலால் இடித்து இறக்குவார்கள். பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியிலோ உள்ளே 3 சுருள் பள்ளங்கள். குண்டு சிக்காமல் இறங்க, அதைச் சுற்றிய தாளில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. வாயில் வைக்கும் பொருளாயிற்றே! இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களும் கலங்கினார்கள்.

ஒருமுறை ஒரு மாணவன் விடவில்லை. "கொழுப்பை மாத்தியிருக்கலாமே சார்? கையால கிழிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"இரண்டும் செய்தார்கள், தம்பி" என்றேன். சிப்பாய்களே தங்களுக்கு ஏற்றதைத் தடவிக்கொள்ளலாம் என்று அந்த ஜனவரியிலேயே உத்தரவு வந்தது. கையால் கிழிக்கலாம் என்றும் பின்னர் விதியை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் சந்தேகம் தாளின் மேலேயே திரும்பிவிட்டது: இது ஏன் பளபளக்கிறது? தவறே இல்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள்?

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களிடம் தோட்டாவை நீட்டினார்கள். அது பழக்கமான பழைய வகைதான். 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9-ஆம் தேதி படையினர் கண்ணெதிரே அவர்கள் கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மாலை மீரட் பற்றி எரிந்தது.

அந்த மாணவன் பிறகு எதுவும் கேட்கவில்லை. மேசையில் கொட்டிய மணலைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.