வக்காலத்து

‘ஒப்படைத்தல்’ என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து வகீல், வகாலத் என்னும் சொற்கள் பிறந்தன. பாரசீகம், உருது வழியாக அவை தமிழுக்கு வந்து வக்கீல், வக்காலத்து என்றாயின. ‘நாமா’ என்றால் பத்திரம். கட்சிக்காரர் தம் வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தந்து கையொப்பமிடும் தாளே வக்காலத்துநாமா. பேச்சுவழக்கில் ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்னும்போது பிறருக்காகப் பரிந்து பேசுதல் என்று பொருள் விரிகிறது.

வக்காலத்து அதிகாரத்தை மட்டுமே தருகிறது. கட்டணம் தனியே பேசி முடிக்க வேண்டியது. அதை எழுத்தில் பெறுவதே நல்லது. வென்றால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. கட்டணம் பாக்கியென்று வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது என 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீலை மாற்ற அஞ்சும் ஏழைக் கட்சிக்காரர் அவசியம் அறிய வேண்டிய தீர்ப்பு இது.

பணமில்லாதவருக்கும் வக்காலத்து உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் முதலானோர் வருமான வரம்பின்றி இலவச வக்கீலைக் கோரலாம்; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனு தரலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.