துணியில் பூத்த பாப்பி

1918 நவம்பரில் நியூயார்க் கடையொன்றில் மொய்னா மைக்கேல் என்ற ஆசிரியை பட்டுத்துணியில் செய்த பாப்பிப் பூக்களை வாங்கினார். முதல் உலகப்போரின் ஐரோப்பியப் போர்க்களங்களில் தானாக முளைத்த அந்தச் சிவப்புப் பூ, குருமாவுக்கு அரைக்கும் கசகசாவின் ஒன்றுவிட்ட உறவு. மாண்ட வீரர்களின் நினைவாக அதை அணிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணத்தைக் கடல்தாண்டிப் பரப்பியவர் பிரான்சின் அன்னா கெரான். போர் சிதைத்த பகுதிகளின் பெண்களும் பிள்ளைகளும் செய்த துணிப்பூக்கள் 1921இல் பிரிட்டனை அடைந்தன. மறு ஆண்டே லண்டனில், போரில் உடல் ஊனமடைந்த முன்னாள் வீரர்கள் பூ செய்ய உட்கார்ந்தார்கள்.

குரோஷா ஊசிக்காரர்கள் வந்தது வெகு தாமதமாக. 2013இல் மெல்பர்னின் லின் பெர்ரியும் மார்கரெட் நைட்டும் தங்கள் தந்தையர் நினைவாகப் பாப்பி பின்னத் தொடங்கினர். இலக்கு 5,000. வந்து குவிந்ததோ இரண்டு லட்சத்துக்கும் மேல்! 2016இல் அவை லண்டனின் செல்சி மலர்க்காட்சிக்கே போய்ச் சேர்ந்தன. நிஜப் பூக்களின் கோட்டைக்குள் நூல்பூக்கள்.