கல்லீரல் கொழுப்பு நோயில் கொழுப்புத் திசுவின் பங்கு: ஒரு கருத்து வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கல்லீரலில் தேங்கும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்ற வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடை கிடைத்துவிட்டது. எனினும் உடற்கொழுப்புத் திசு அந்நோயின் காரணிகளுள் ஒன்றாக ஏற்கப்பட ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. இத்தாமதத்தின் காரணங்களையும், 'மிகுந்த கொழுப்பு' என்ற கருத்து 'கொழுப்பைத் தாங்க இயலாத திசு' என்ற கருத்தாக மாறிய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல், கொழுப்புத் திசு, கொழுப்பமிலம், உடற்பருமன், மருத்துவ வரலாறு

முன்னுரை

இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த தாமஸ் அடிசன் 1836இல் கல்லீரலின் கொழுப்புச் சிதைவைப் பற்றி எழுதியபோது அதனை மதுப்பழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். 1842இல் வில்லியம் போமன், நுண்ணோக்கியின் துணையால், கல்லீரல் உயிரணுக்களுக்குள்ளேயே கொழுப்புத் துளிகள் தேங்கியிருப்பதை விளக்கினார். இவற்றால் நோயின் இருப்பிடம் தெளிவாயிற்று. கொழுப்பின் பிறப்பிடம் தெளிவாகவில்லை. உயிரணு தன்னளவில் சிதைந்து கொழுப்பாக மாறுகிறதா, வெளியிலிருந்து கொழுப்பு வந்து நிரம்புகிறதா என்பதே அடுத்த தலைமுறையினரின் வினாவாயிற்று. ருடால்ஃப் விர்ச்சோ இவ்விரு நிலைகளையும் கொழுப்புச் சிதைவு, கொழுப்பு ஊடுருவல் எனப் பிரித்துக் காட்டினார். 'சிதைவு' என்ற சொல் நோயைக் கல்லீரலுக்குள்ளேயே அடைத்துவிட்டது. பின்வந்த குழப்பங்கள் பலவற்றின் வேர் இச்சொல்லில் உள்ளது எனலாம்.

இடம்பெயரும் கொழுப்பு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாய்வுக்குப் பாஸ்பரஸ் நஞ்சு ஒரு கருவியாகப் பயன்பட்டது. அந்நஞ்சு ஏற்றப்பட்ட விலங்கின் கல்லீரல் சில நாட்களிலேயே கொழுப்பால் நிறைந்துவிடும். மியூனிக்கில் கார்ல் வோய்ட்டின் மரபினர், உடற்புரதமே கொழுப்பாக மாறுகிறது என்று கருதினர். அக்காலத்தில் அது செல்வாக்கு மிக்க கொள்கையாகும்.

ப்ரெஸ்லாவ் நகரின் கேயோர்க் ரோசன்ஃபெல்ட் இதனை எளிய ஆய்வொன்றால் சோதித்தார். நாய்களைப் பட்டினியிட்டு அவற்றின் சொந்தக் கொழுப்பைக் கரையச் செய்தார். பின்னர் ஆட்டுக்கொழுப்பை மிகுதியாக ஊட்டி, அக்கொழுப்பே அவற்றின் உடலில் சேரும்படி செய்தார். அதன்பின் பாஸ்பரஸ் அல்லது ஃபுளோரிசின் செலுத்தப்பட்டது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு நாய்க்கொழுப்பாக இல்லை. ஆட்டுக்கொழுப்பின் இயல்புகளைக் கொண்டிருந்தது. இதற்கு முன்னரே 1880களின் தொடக்கத்தில் லெபெதெவ், ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு இத்தகைய முடிவை எட்டியிருந்தார். உடலின் சேமிப்பிடங்களிலிருந்து கொழுப்பு இடம்பெயர்ந்து கல்லீரலை அடைகிறது என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

ஆயினும் இம்முடிவு கொழுப்புத் திசுவின்பால் எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. கொழுப்பு புறப்படும் இடம் வெறும் பை என்றும், அதனைப் பெறும் கல்லீரலே செயலுடைய உறுப்பு என்றும் கருதப்பட்டது. 1920களில் தொராண்டோவில் கணையம் நீக்கப்பட்டு இன்சுலினால் வாழ்விக்கப்பட்ட நாய்களின் கல்லீரல் கொழுப்பால் பெருத்தது. சார்லஸ் பெஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1930களில் லெசித்தினும் அதன் கூறாகிய கோலினும் இதனைத் தடுக்கும் என்று கண்டறிந்தனர். இது பெருங்கண்டுபிடிப்பே, ஆனால் ஆய்வாளர் பலரின் நோக்கை மீண்டும் கல்லீரலின் உள்ளேயே செலுத்தியது. அதே பெஸ்ட், பாரெட், ரிடவுட் ஆகியோருடன் 1938இல், டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பைத் தடம் பற்றிக் கல்லீரல் கொழுப்பின் மூலத்தை ஆராய்ந்து, சேமிப்புக் கொழுப்பு கல்லீரலுக்குப் பெயர்வதைக் காட்டினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உறங்கும் பை என்ற கருத்தின் வீழ்ச்சி

டியூட்டீரியத்தை இத்துறைக்குக் கொணர்ந்தவர், நாஜி ஆட்சி அமைந்தபின் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர் ஆவார். அவரும் டேவிட் ரிட்டன்பர்க்கும் 1935இல் தடமிட்ட கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். உண்ட கொழுப்பு உடனே எரிக்கப்படும், மிஞ்சியதே சேமிக்கப்படும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் உணவுக் கொழுப்பின் பெரும்பகுதி முதலில் கொழுப்புத் திசுவை அடைந்து, பின்னரே பயன்படுத்தப்பட்டது. சேமிப்பு என்று எண்ணப்பட்ட இடம் இடைவிடாத வரவுசெலவின் களமாக இருந்தது.

1948இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெர்தைமரும் ஷாப்பிரோவும் கொழுப்புத் திசுவின் உடலியலைப் பற்றி எழுதிய ஆய்வுரை, அத்திசுவுக்கு ஓர் உறுப்பின் தகுதியை வழங்கியது. வரவுசெலவு எவ்வுருவில் நிகழ்கிறது என்பதை 1956ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. நியூயார்க்கில் வின்சென்ட் டோலும், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ராபர்ட் கார்டனும் அமீலியா செர்க்சும், குருதியில் புரதத்தோடு ஒட்டிச் செல்லும் தனித்த கொழுப்பமிலங்களை அளந்தனர். பட்டினியில் அவை உயர்ந்தன. குளுக்கோசு அளித்தவுடன் தாழ்ந்தன. கொழுப்புத் திசுவின் வாயிலை இன்சுலின் மூடுகிறது, பட்டினி திறக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. இவ்வாயில் சரிவர மூடாதபோது வெளியேறும் கொழுப்பமிலங்களின் கணிசமான பங்கு கல்லீரலைச் சென்றடைகிறது. ரோசன்ஃபெல்டின் நாய்களில் விளங்காதிருந்த வழி இதுவேயாகும்.

மருத்துவமனையில் நேர்ந்த தாமதம்

ஆய்வகம் இவ்வாறு முன்னேறியபோதும் மருத்துவமனை அடிசனின் காலத்து ஐயத்திலேயே நின்றது. கொழுப்பும் அழற்சியும் தழும்பும் கொண்ட கல்லீரலைக் கண்டால் அது குடியின் விளைவு என்று கொள்ளப்பட்டது. குடியாதவர் என்று கூறிய நோயாளியின் சொல் எளிதில் நம்பப்படவில்லை. 1952இல் சாமுவேல் செல்மன் பருமனுடைய 20 ஆண்களின் கல்லீரலை ஆராய்ந்து மாற்றங்களைப் பதிவு செய்தார். 1980இல்தான் மேயோ மருத்துவமனையின் யூர்கன் லுட்விக்கும் உடனாய்வாளர்களும் 20 நோயாளிகளைச் சான்றாகக் கொண்டு, மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி என்று இதற்குப் பெயரிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பருமனுடையவர்கள். பெயர் கிடைத்தபின்பும் அது 'இன்னது அன்று' என்று கூறும் பெயராகவே இருந்தது. திசுக்கூற்றில் தெரியும் ஒற்றுமை நோயாளியின் ஒழுக்கத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்ட இந்நிலை, மருத்துவ வரலாற்றில் தனித்து ஆராயப்பட வேண்டியதாகும்.

இடமும் இயல்பும்

எல்லாக் கொழுப்பும் ஒரு தன்மைத்தன்று என்பதை 1947இல் மார்செய்ல் நகரின் ழான் வாக் எடுத்துரைத்தார். மேலுடலில் கொழுப்பு சேரும் ஆண்வகைப் பருமனே நீரிழிவு முதலிய நோய்களோடு இணைந்து வருகிறது என்பது அவருடைய கருத்து. 1990இல் கோதன்பர்கின் பேர் பியோர்ன்டார்ப் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குடலைச் சூழ்ந்த கொழுப்பின் குருதி நேரே வாயிற்சிரையின் வழியாகக் கல்லீரலை அடைவதால் அக்கொழுப்பே கேடு விளைவிக்கிறது என்றார். எளிமையும் அழகும் உடைய இக்கருதுகோள் விரைவில் பாடநூல்களில் இடம்பெற்றது. ஆனால் 2004இல் மேயோ மருத்துவமனையில் மைக்கேல் ஜென்சன் குழுவினர் அளந்தபோது, பருமனுடையோரிடத்தும் வாயிற்சிரைக் கொழுப்பமிலத்தில் சராசரியாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குடற்கொழுப்பிலிருந்து வந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பொதுக் குருதியோட்டத்தின் வழியே, தோலடிக் கொழுப்பு உள்ளிட்ட பிற இடங்களிலிருந்து வந்ததாகும். குடற்கொழுப்பு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதனையே முதன்மை மூலமாகக் கொள்வதற்கு இவ்வளவீடு இடந்தரவில்லை.

மூலத்தின் கணக்கை 2005இல் எலிசபெத் பார்க்ஸ் குழுவினர் வெளியிட்டனர். 9 நோயாளிகளுக்குத் தடமிட்ட சேர்மங்களைச் சில நாட்கள் அளித்துக் கல்லீரல் திசுவை ஆராய்ந்ததில், அங்குள்ள கொழுப்பில் 59% குருதியின் தனித்த கொழுப்பமிலங்களிலிருந்தும், 26% கல்லீரலின் சொந்தப் படைப்பிலிருந்தும், 15% உணவிலிருந்தும் வந்திருந்தது. ஆய்வுக்குட்பட்டோர் மிகச் சிலரே. எனினும் ரோசன்ஃபெல்ட் நாய்களில் கண்டது மனிதரில் எண்ணாக அளக்கப்பட்டது இவ்வாய்வில்தான்.

கொழுப்பின்மை எழுப்பிய வினா

மிகுந்த கொழுப்பே நோயின் காரணம் எனின், உடலில் கொழுப்பே இல்லாதவர் கல்லீரல் தூயதாக இருத்தல் வேண்டும். வரலாறு இதற்கு நேர்மாறாக உள்ளது. 1946இல் இலண்டனின் ஆர். டி. லாரன்ஸ், கொழுப்புத் திசு அற்றுப்போன ஒரு நோயாளியிடம் பெருத்த கல்லீரலும் நீரிழிவும் குருதிக்கொழுப்பு மிகுதியும் இருந்ததைப் பதிவு செய்தார். நெடுங்காலம் இது அரிய விந்தையாக ஒதுக்கப்பட்டது. 1998இல் கொழுப்புத் திசு இல்லாத சுண்டெலிகள் மரபணு மாற்றத்தால் உருவாக்கப்பட்டன. அவற்றின் கல்லீரல் கொழுப்பால் நிரம்பியிருந்தது. 2000இல் அத்தகைய எலிகளுக்குப் பிற எலிகளின் கொழுப்புத் திசு ஒட்டப்பட்டபோது நீரிழிவு நீங்கிற்று. நோய்க்குக் காரணம் எனப்பட்ட திசு இங்கு மருந்தாயிற்று.

1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் இப்புதிரின் ஒரு பகுதியை விளக்கியது. கொழுப்புத் திசு சுரக்கும் இந்த இயக்குநீரைத் திசுவற்ற நோயாளிகளுக்கு அளித்தபோது கல்லீரல் கொழுப்பு குறைந்ததை 2002இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எஞ்சிய பகுதியை 2007இல் ஃபிலிப் ஷெரர் குழுவினரின் ஆய்வு விளக்கியது. பருத்த எலிகளில் அடிப்போனெக்டின் என்ற மற்றொரு சுரப்பை மிகுவித்தபோது அவை இன்னும் பருத்தன. ஆனால் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. கொழுப்பைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளும் ஆற்றல் குன்றாத வரையில் திசு கல்லீரலைக் காக்கிறது. அவ்வாற்றல் முடியும் இடத்தில், உடல் எடை எதுவாயினும், கொழுப்பு கல்லீரலுக்குப் பெயர்கிறது.

இந்தியச் சான்றுகள்

இக்கருத்தின் தேவை இந்தியாவில் தெளிவாகப் புலப்பட்டது. 2004இல் புனேயைச் சார்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யுட்கினும் தம் இருவர் உடல்களையே ஒப்பிட்டு ஒரு குறிப்பு வெளியிட்டனர். உடல்நிறைச் சுட்டெண் இருவர்க்கும் ஒன்றே. கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்கிற்கு 21.2%. சென்னை நகர்ப்புறத்தில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, ஆராயப்பட்டோருள் 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் கொழுப்பு இருந்ததாக 2009இல் தெரிவித்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்ட ஊரகத்தில் மேற்கொள்ளப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் இந்நோய் 8.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது; அவர்களுள் முக்கால் பங்கினரின் உடல்நிறைச் சுட்டெண் 25ஐ எட்டவில்லை. எடையை மட்டும் கொண்டு தேடும் மருத்துவர் இவர்களைக் கண்டறிய வாய்ப்பில்லை. இவர்களே குடியாதவர்களாகவும் இருப்பின், பழைய ஐயத்தின் நிழலும் இவர்கள்மீது படியும்.

2023இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் இந்நோய்க்கு 'வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்' என்ற பொருள்படும் புதுப்பெயரை இட்டன. பெயரிலிருந்து மது நீங்கிற்று. வரையறையில் உடல்நிறைச் சுட்டெண்ணோடு இடைச் சுற்றளவும் குருதிச் சர்க்கரையும் குருதிக்கொழுப்பும் அளவுகோல்களாகச் சேர்க்கப்பட்டன. ஆசியர்க்கு உடல்நிறைச் சுட்டெண்ணின் எல்லை 25இலிருந்து 23ஆகத் தாழ்த்தி வைக்கப்பட்டது.