வன்தட்டுக்கு வேலி போட்ட கதை

சம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொம்பியூட்டரில என்ன இருக்கும்? பாட்டு, படம் எல்லாம் இருக்கும்தான். அதோட காணி உறுதியின் ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ், தப்பி வந்த ஒன்றிரண்டு கலியாணப் படங்களும் இருக்கும். 2006 இல் இடம்பெயர்ந்து, 2007 இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகி, 2015 இல்தான் திரும்பத் தொடங்கிய சனம் இது. கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்காய் இருந்தவர்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதியை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கும், பழைய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. மிச்சம் லினக்ஸ். "ஃபோமட் அடிச்சுத் தாறன்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கோ. டி டிரைவில் இருப்பது தப்பலாம். டெஸ்க்டொப்பில் போட்டு வைத்ததெல்லாம் சி டிரைவுக்குள்தான் கிடக்கு.

இந்தப் பிரிப்பு எங்க இருந்து வந்தது? 1983 மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டியை 10 மெகாபைட் வன்தட்டுடன் விற்கத் தொடங்கியது. அதோட வந்த டொஸ் 2.0 தான் பார்ட்டிஷன் அட்டவணையைக் கொண்டுவந்தது. ஒரே தட்டில் வேறு வேறு இயங்குதளங்கள் சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் அந்த வேலி. தட்டின் முதல் 512 பைட்டில் 446 இயக்கத்தைத் தொடக்கிவைக்கும் நிரலுக்கு, 2 அடையாளத்துக்கு. மிச்சம் 64. ஒரு பிரிவை எழுத 16 பைட் வேணும். ஆகவே நாலு, அவ்வளவுதான். 1987 இல் டொஸ் 3.3, நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டெட்' ஆக்கி உள்ளே குட்டிப் பிரிவுகள் வைக்க வழி செய்தது. எங்கட ஊரில ஒரு வளவுக்குள்ள மூன்று பிள்ளைகளுக்கு வீடு கட்டுற மாதிரி.

அந்த 64 பைட் இன்றைக்கும் காலை வாரும். விண்டோஸ் 7 காலத்து லப்டொப்பில் சிஸ்டம் ரிசேர்வ்ட், சி, டி, ரிகவரி என்று நாலும் நிரம்பியிருந்தால், இடம் எவ்வளவு இருந்தாலும் லினக்ஸுக்கு ஐந்தாவது பிரிவு போட ஏலாது. விண்டோஸிலேயே போடப் பார்த்தால் 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றட்டுமா என்று கேட்கும். ஓம் சொல்லாதேங்கோ, லினக்ஸை நிறுவுவது பிறகு பெரிய தலையிடி. புதிய ஜிபிடி முறையில் வழமையாக 128 பிரிவுக்கு இடமுண்டு, இந்தத் தொல்லை இல்லை.

யுனிக்ஸ்காரர் யோசித்தது வேறு மாதிரி. அவர்கள் இயங்குதளத்தை ஒரு பக்கமும் ஆட்களின் கோப்புகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பழகினார்கள். லினக்ஸில் 'ஹோம்' என்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. எங்களுக்கு இதுதான் பிடிக்கும்: 500 ஜிபி தட்டென்றால் 50 ஜிபி ரூட்டுக்கு, கொஞ்சம் சுவொப்புக்கு, மிச்சமெல்லாம் ஹோமுக்கு. அடுத்த முறை லினக்ஸை மாற்றும்போது ரூட்டை மட்டும் ஃபோமட் செய்தால் போதும். நிறுவும்போது ஹோமுக்கு நேரே 'ஃபோமட்' கட்டத்தில் சரி அடையாளம் விழாமல் பாருங்கோ.

விண்டோஸும் கூட இருக்கவேணுமென்றால், சி டிரைவை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்குங்கோ. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை நிறுத்திவிட்டு முழுதாக மூடுங்கோ. அதற்கெல்லாம் முதல், உறுதியையும் படங்களையும் வேறொரு தட்டில் ஏற்றி, கழற்றி, அலுமாரிக்குள் வையுங்கோ. தட்டே செத்தால் எந்தப் பார்ட்டிஷனும் காப்பாற்றாது.