டம்டம்மில் வார்த்த குரல்கள்

சென்னையில் பாடிய பாட்டைச் சென்னையில் இருப்பவரே கேட்க வேண்டுமானாலும், அது முதலில் கல்கத்தாவுக்கு வந்து திரும்ப வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. மெழுகில் பதிந்த பாட்டு வங்கத்துக்கு வரும். இங்கே தட்டாக வார்க்கப்பட்டு, மறுபடியும் சென்னைக்கும் மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் பிரயாணமாகும். தென்னாட்டில் விற்ற கிராமபோன் தட்டுகளில் பெரும்பகுதி, நம் நகரத்தின் வடகோடியிலுள்ள டம்டம்மில் பிறந்தவை. இதை அறியாமலே நம் முன்னோர், ஊரிலிருந்து வரும்போது அத்தட்டுகளைப் புடவைகளுக்கும் வேஷ்டிகளுக்கும் நடுவே பொதிந்து, உடையாமல் ஹௌராவில் இறக்கி, அவை பிறந்த ஊருக்கே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். (2001-இல் ஊரின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. பழைய தட்டின் கதையைச் சொல்லும்போது மட்டும் கல்கத்தா என்றே நாவில் வருகிறது; அன்பர்கள் பொறுத்தருள்க.)

இவ்வாண்டு மலருக்கு இந்தச் சரித்திரத்தை எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

1902-ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெடரிக் கைஸ்பர்க் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அந்த நவம்பரில் அவர் பதிவு செய்த குரல்களுள் தலையாயது கௌஹர் ஜானுடையது. பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். இன்று அதைக் கேட்போர் பாடகியின் செருக்கு என்று எண்ணிப் புன்னகை செய்வதுண்டு. உண்மை வேறு. அக்காலத்தில் இங்கே தட்டு வார்க்கும் ஆலை கிடையாது. பதிவான மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கிருந்த தொழிலாளிக்கு ஹிந்துஸ்தானியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எந்தத் தட்டில் யாருடைய பெயரை ஒட்டுவது? ஆகவே, பாடியவரே தம் பெயரைத் தட்டுக்குள் சொல்லிவிட வேண்டும் என்ற ஏற்பாடு. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை அமைந்தது. 1928-ஐ ஒட்டி அது டம்டம்முக்கு இடம் பெயர்ந்தது. அதன் பிறகு பெயர் சொல்லும் வழக்கம் மெல்ல மறைந்துபோயிற்று.

தென்னாட்டில் முதலில் துணிந்து குழலின் முன் நின்றவர்களுள் பெண்மணிகளே மிகுதி. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரை இங்கே நன்றியுடன் நினைக்க வேண்டும். தட்டில் பாடினால் குரல் போய்விடும் என்ற அச்சமும், தம் சங்கீதம் கண்ட இடத்திலெல்லாம் ஒலிக்கலாகாது என்ற தயக்கமும் ஆண் வித்வான்கள் பலரைத் தடுத்தன என்பார்கள். தேவதாசி மரபில் வந்த இம்மாதரசிகளைச் சமூகம் எவ்வளவோ தாழ்த்திப் பேசிய காலம் அது. ஆயினும் அந்நாளைய கர்நாடக சங்கீதம் எப்படி ஒலித்தது என்று நாம் இன்று காதாரக் கேட்டு அறிவது பெரும்பாலும் அவர்கள் குரலால்தான். கோயம்புத்தூர்த் தாயியின் தட்டு ஒன்று கடல் கடந்து சென்று மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரை ஆட்கொண்டது. அவர் 1912-ஐ ஒட்டி இந்தியாவுக்கே வந்து சென்றார்; ‘ராகமாலிகா’ என்று பெயரிட்டுத் தாயியின் பாட்டைப் பியானோவுடன் பாடும் உருப்படியாக அமைத்தார். அந்த ஒரு தட்டு பாரிஸில் செய்த வேலையை நூறு பிரசங்கங்கள் செய்திருக்குமா என்பது ஐயமே.

அன்றைய பதிவு முறையோ பெருஞ்சங்கடம். மைக்ரோபோன் கிடையாது. பாடகர் ஒரு பெரிய தகரக் குழலுக்குள் முகத்தை வைத்தாற்போல் நின்று, தொண்டை கிழியப் பாட வேண்டும். ஓசை நுட்பங்கள் பல அந்தக் குழலுக்கு எட்டவில்லை. மிருதங்கம் எங்கோ தட்டுவது போல் கேட்கும். இதில் ஒரு விந்தை உண்டு. மிருதங்கமும் தபலாவும் வெறும் தாளத்தட்டு அல்ல, ஸ்வர இயைபுள்ள நாதங்களை எழுப்புபவை என்பதை விஞ்ஞான முறையில் ஆராய்ந்த சி. வி. ராமன் அப்போது இதே கல்கத்தாவில்தான் இருந்தார். 1907-இல் கணக்குத் துறை உத்தியோகஸ்தராக வந்த அவர், சிவகாலி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். நம்மவர் ஒருவர் மிருதங்கத்தின் நாதத்தை அளந்துகொண்டிருந்த அதே ஊரில், அந்த நாதம் இல்லாத தட்டுகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன.

1925-இல் மேல்நாட்டில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. சில ஆண்டுகளில் இங்கும் பரவியது. மெல்லிய குரலுக்கும் வீணைக்கும் விடிவு பிறந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மூச்சு விடும் ஓசையும் எழாதபடி ரஸிகர்கள் அமர்ந்து கேட்ட வீணை தனம்மாளின் வாசிப்பு, 1938-இல் அவர் மறைவதற்குள் சில தட்டுகளிலேனும் பதிந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி 1926-இல், பத்து வயதில், முதல் தட்டுப் பாடினார். டி. கே. பட்டம்மாளின் தட்டு 1932-இல் வந்தது. 1933-இல் 27 வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா, தட்டு என்ற ஒன்று இல்லாவிடில் இன்று வெறும் பெயராகவே இருந்திருப்பார். வியாபாரமும் சூடு பிடித்தது. பிற்காலத்தில் சினிமாவில் பெயர் பெற்ற ஏ. வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவித் தட்டு வியாபாரத்தில்தான் தொடங்கினார்.

ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம், சற்றுக் கூடினால் மூன்றரை. அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் அனைத்தும் அடங்க வேண்டும். மணிக்கணக்கில் தோடியை வாசிப்பதில் நிகரற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டின் பக்கத்துக்குள் தோடியை அடக்கினார். சங்கீதத்தைச் சிமிழில் அடைத்த பாவம் என்று குறை கூறுவோர் உண்டு. நமக்கு அந்தக் கட்சியில் முழு உடன்பாடு இல்லை. மூன்று நிமிஷத்தில் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற நிர்ப்பந்தம், வளர்த்தலை ஒடுக்கிச் சாரத்தை முன்னே நிறுத்தியது. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் ‘வாசுதேவயனி’ தட்டைக் கேட்டோர் அதனை மறந்ததில்லை.

அந்தத் தட்டுகளை நம் காலனிகளில் கேட்ட விதத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும். தட்டுகள் பல வீடுகளில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுகளைக் கையில் ஏந்தி அனைவரும் பெட்டியுள்ள வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் சாவி கொடுப்பார். பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றுவது சிறுவரின் உரிமை. இரவல் கொடுத்த தட்டு கீறலுடன் திரும்பினால் சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பின்பு வானொலி வந்தது. 1938-இல் சென்னை நிலையம் தொடங்கிற்று. 1952-இல் சங்கீத தேசிய நிகழ்ச்சி ஆரம்பமான பிறகு, வட இந்தியாவில் வாழ்ந்த நம்மவர்க்கு மூன்று நிமிஷம் என்ற எல்லை உடைந்தது. டேப் ரிக்கார்டர் வைத்திருந்த சிலர் வானொலிக் கச்சேரிகளையும் சபைக் கச்சேரிகளையும் பிடித்து வைத்தார்கள். இன்று கிடைக்கும் பழைய கச்சேரிகள் பலவும் பிழைத்திருப்பது அத்தகைய தனி மனிதர்களின் ஆசையால்தான்.

(இளைஞர்களுக்கு ஒரு செய்தி. மேல்நாடுகள் 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பிறகும் டம்டம் கைவிடவில்லை. பீட்டில்ஸ் கோஷ்டியாரின் பாட்டுகள்கூட 1960-களின் நடுவில் இங்கே அரக்குத் தட்டில் வார்க்கப்பட்டன. இன்று உலகெங்கும் சேகரிப்போர் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.)

நிற்க. அரக்கு என்றோம். சோட்டா நாகபுரிக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சேர்க்கும் அரக்கும், கல் தூளும், கரியும் சேர்ந்ததே அந்தத் தட்டு. கை தவறினால் சுக்குநூறு. கல்கத்தா மழைக்காலத்தில் பூஞ்சணம். ஸ்பூல் டேப்பின் கதியும் நல்லதன்று. பழைய அஸிடேட் டேப் காலப்போக்கில் காடி வாடை வீசிச் சுருங்கும். ஆனால் பூஞ்சணத்தினும் கொடியது வீடு மாற்றம். பெரியவர் காலமாவார், பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள், வீட்டைக் காலி செய்கையில் தட்டுப் பெட்டி எடை போட்டு விற்கப்படும். பிரீ ஸ்கூல் தெருவின் பழந்தட்டுக் கடைகளுக்கு வந்தவை பாக்கியம் செய்தவை.

காப்பாற்றியவர்களும் இல்லாமல் இல்லை. சென்னையில் வி. ஏ. கே. ரங்கராவ் ஆயிரமாயிரமாகச் சேர்த்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய பெருநிதி அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மும்பையில் 1990-இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் தட்டின் நடுவில் பொறித்த எண்களைக் கொண்டே முதல் பதிவுகளின் அட்டவணையை 1994-இல் வெளியிட்டார்.

இனி, முதலில் சொன்ன காரணம். நம் சங்கத்து அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. சென்ற ஆண்டு அதனைத் திறந்தோம். 23 ஸ்பூல்கள். நம் ஆண்டு விழாக்களில் பதிவானவை என்பது மட்டும் தெளிவு. உறையில் எழுதியிருந்தவை: ஓர் இடத்தில் ‘மோஹனம், நன்று’, இன்னோர் இடத்தில் ‘அழிக்க வேண்டாம்’. பெயர் இல்லை, ஆண்டு இல்லை. பதிந்தவருக்கு எல்லாம் நினைவில் இருந்தபடியால் எழுதத் தோன்றவில்லை போலும். இரவல் கருவி ஒன்றில் மோஹனத்தை ஓட்டினோம். நல்ல சாரீரம், பின்னணியில் டிராம் வண்டியின் மணி. யார் பாடுகிறார் என்று காலனியில் எவருக்கும் தெரியவில்லை.

எண்பதைக் கடந்த மூதாட்டியார் ஒருவரை அழைத்து வந்து கேட்கச் செய்தோம். பாடியவரை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நிரவல் முடியும் தறுவாயில் சபையிலிருந்து ஒருவர் ‘பலே’ என்று சொல்வது டேப்பில் கேட்டது. மூதாட்டியார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மறுபடியும் அந்த இடத்தைப் போடச் சொன்னார். மூன்றாம் முறைக்குப் பின், “அவர்தான்” என்றார். அவருடைய கணவர் மறைந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. யார் என்று நாம் கேட்டபோது, அக்கால வழக்கப்படி பெயரைச் சொல்லாமல் மகளைப் பார்த்தார். மகள்தான் சொன்னார். உறையில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறோம். பாடியவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம்.

அந்த 23-இல் 14 ஸ்பூல்கள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. மற்றவற்றில் ஐந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன; தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இவற்றைப் போட்டுக் கேட்கிறோம். குரலையோ வயலினையோ அடையாளம் காணக்கூடிய பெரியவர்களை வீட்டிலுள்ளோர் கைபிடித்து அழைத்து வர வேண்டுகிறோம். வீட்டில் தட்டோ ஸ்பூலோ காஸெட்டோ இருப்பின், சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் இரவல் கொடுத்தால் போதும். கொடுக்குமுன் பாடியவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு, பதிந்தவர் ஆகியவற்றுள் தெரிந்ததைப் பென்சிலால் உறைமேல் எழுதி அனுப்புக. கீறலின்றித் திருப்பித் தருவோம்.