புள்ளியும் கறையும்: அறபுத்தமிழ் ஏடுகளைத் துப்புரவாக்கும்போது

எங்கள் மூத்தம்மாவின் கையெழுத்துக் கொப்பியொன்றைச் சில வருடங்களுக்கு முன் ஸ்கேன் பண்ணினேன். மாலைகளும் பைத்துகளும் அறபுத்தமிழில் எழுதியது. தாள் முழுக்கப் பழுப்புப் பொட்டுகள், பூச்சி அரித்த துளைகள். போட்டோஷொப்பில் தூசி நீக்கும் வடிகட்டியைப் போட்டதும் பக்கம் பளிச்சென்று வந்தது. வாசிக்க உட்கார்ந்தபோதுதான் விசயம் விளங்கியது. மூத்தம்மா 'மணம்' என்று எழுதிய இடத்தில் 'மனம்' நின்றது! நூனுக்குக் கீழே அவர் வைத்த புள்ளியைத் தூசியென்று எண்ணி மென்பொருள் துடைத்துவிட்டது.

அறபுத்தமிழின் உயிரே புள்ளிதான். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டினார்கள். நூனுக்குக் கீழும் ஒரு புள்ளி வைத்தால் ணகரம். தாலுக்குக் கீழே வைத்தால் டகரம். அந்தப் புள்ளி போனால் 'பாடம்' 'பாதம்' ஆகிவிடும். கல்லச்சு நூல்களும் கையெழுத்தைப் பெயர்த்து அச்சிட்டவையே. அவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

புள்ளி பட்ட பாடு நமக்குப் புதிதல்ல. ஆரம்பகால முஸ்ஹபுகள் பெரும்பாலும் புள்ளியில்லாமலே எழுதப்பட்டன. ஓதுவதில் பிழை வரக்கூடாதென்றே பிற்பாடு குறிகள் இடப்பட்டன. அந்தப் பணியில் அபுல் அஸ்வத் அத்துஅலீயின் பெயரை மரபு முதலில் சொல்லும். தமிழிலோ ஓலை கிழிந்துவிடுமென்று ஏடெழுதுவோர் மெய்க்குப் புள்ளி வைக்காமல் விட்டனர். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் அதனால் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. அன்று எழுதுவோர் விட்ட புள்ளியை இன்று நாம் அழிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வடிகட்டி செய்வது என்ன? சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சின்னப் பொட்டை அந்தச் சுற்றுப்புற நிறமாக மாற்றுகிறது. அரை மில்லிமீற்றர்ப் புள்ளி 150 டிபிஐ ஸ்கேனில் 3 பிக்சல் அகலந்தான் இருக்கும், தூசியும் அவ்வளவே. 600 டிபிஐயில் அதே புள்ளி ஏறக்குறைய 12 பிக்சல். எழுதுகோல் பட்ட வடிவம் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் நிறத்தில், 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக எடுங்கள். அந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்; நகலில், தனி லேயரில் வேலை செய்யுங்கள். சிவப்பு அலைவரிசையை மட்டும் பார்த்தால் பழுப்புக் கறை மங்கும், கறுப்பு மை நிற்கும். ஆனால் மையே பழுத்துப் போயிருந்தால் அதுவும் சேர்ந்து மங்கிவிடும், கவனம். முழுப் பக்கத்துக்கும் வடிகட்டி போடவே வேண்டாம். எழுத்தில்லாத ஓரங்களைக் கையால் துடைக்கலாம். வரிகளுக்குள் கிடக்கும் பொட்டை, அந்த மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் தொடக்கூடாது.

ஓரத்திலும் எல்லாம் அழுக்கல்ல. வக்பு முத்திரை, உரிமையாளர் பெயர், அடுத்த பக்கத்தின் முதற் சொல்லைக் காட்டும் அடிக்குறி, ஓதியவரின் விரல் பட்ட எண்ணெய்க் கறை — இவையும் அந்த ஏட்டின் சரித்திரந்தான்.

என் கொப்பி கையில் இருந்தது, திரும்ப ஸ்கேன் பண்ணித் திருத்திக்கொண்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், 2004 சுனாமியில் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் என்ன செய்வார்கள்? பலரிடம் மூலம் இல்லை. யாரோ எப்போதோ எடுத்த நகல் மட்டுமே மிச்சம். அந்த நகலில் கறை கிடக்கட்டும். கறையை நாளைக்கும் நீக்கலாம். போன புள்ளியை யார் கொண்டுவந்து வைப்பது?